சிறு காட்டு ஏரிகளில் ஐஸ் துளைத்துப் பேர்ச் பிடிப்பது: ஒண்டாரியோவுக்கான முழு வழிகாட்டி

ஹாலிபர்ட்டன், மஸ்கோகா, பாரி சவுண்ட் வட்டாரங்களில் காட்டுக்குள் மறைந்திருக்கும் சிறு ஏரிகள், சிம்கோ போன்ற பெரிய ஏரிகளுக்கு வாரக்கணக்கில் முன்பே உறைந்துவிடும். தண்ணீர் குறைவு, சுற்றிலும் மரங்கள் இருப்பதால் காற்றின் அலைப்பும் குறைவு. கரைக்குக் கரை நடந்தே போய்விடலாம் என்பதால் ஸ்னோமொபைல் வேண்டாம், வாடகைக் குடிலும் வேண்டாம். ஒரு ஆகர் (ஐஸைத் துளைக்கும் திருகு), ஒரு வாளி, சின்னத் தூண்டில் இரண்டு, சாமானை வைத்து இழுத்துப் போக ஒரு ஸ்லெட் (பனியில் வழுக்கும் சிறு வண்டி) இருந்தால் மஞ்சள் பேர்ச் பிடிக்கலாம்.

பேர்ச் கூட்டமாகத் திரிகிற மீன். துளைக்கு அடியில் கூட்டம் இல்லையென்றால் உலகத்தில் உள்ள எந்த இரையும் உதவாது. கூட்டம் இருந்தால் சாதாரண இரையே போதும். ஆகவே நாள் முழுக்க ஒரே துளையைப் பார்த்துக்கொண்டு உட்காராமல், கூட்டத்தைத் தேடி நடக்க வேண்டும். கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்தத் தேடலைப் பற்றியதுதான்.

ஏரியைத் தேர்ந்தெடுப்பது

பேர்ச் உள்ள எல்லாச் சிறு ஏரியும் நல்ல ஏரி ஆகாது. சில ஏரிகளில் பேர்ச் பெருகிப் பெருகி, உணவு போதாமல் 12 செ.மீ. நீளத்திலேயே நின்றுவிடும். நாள் முழுக்கக் கொத்தும், ஒன்றுகூடச் சமைக்கத் தேறாது. பைக், வாலை, பாஸ் போன்ற வேட்டை மீன்கள் உள்ள ஏரியில் பேர்ச்சின் எண்ணிக்கை மட்டுப்படும். மிஞ்சுகிறவை வளரும். 20 செ.மீ. தாண்டியது சட்டிக்கு ஆகும், 25 செ.மீ. நல்ல மீன், 30 செ.மீ. என்றால் பெரியது.

ஒண்டாரியோ அரசின் ‘ஃபிஷ் ஆன்-லைன்’ வரைபடத்தில் ஏரியின் பெயரைத் தேடினால் அதில் என்னென்ன மீன்கள் உண்டு என்று காட்டும். கூடவே ஆழ வரைபடம் கிடைத்தால் அச்செடுத்துக்கொள்ளுங்கள். மூன்று விஷயங்கள் ஒன்றாக இருக்கும் ஏரியைத் தேடுங்கள்: 2 முதல் 4 மீட்டர் ஆழத்தில் நீர்ச்செடி வளரும் ஒரு குடா, 6 முதல் 9 மீட்டர் ஆழத்தில் சேறு படிந்த சமதரை, இரண்டையும் இணைக்கும் மெதுவான சரிவு. கனடியக் கேடயப் பாறைப் பகுதியில் பல ஏரிகள் கரையிலிருந்தே செங்குத்தாக இறங்கிவிடும். அவை டிரவுட் மீனுக்கு நல்லவை, பேர்ச்சுக்கு அவ்வளவாக ஒத்துவராது.

மிகவும் ஆழமில்லாத, 3 மீட்டரைத் தாண்டாத குட்டைகளைத் தவிர்த்துவிடலாம். ஐஸ் மேல் பனி மூடினால் உள்ளே வெளிச்சம் போகாது. செடிகள் பிராணவாயு தருவது நின்றுபோகும். அடியில் அழுகும் சருகும் சேறும் இருக்கிற வாயுவையும் தின்றுவிடும். நீண்ட குளிர்காலத்தின் முடிவில் இத்தகைய குட்டைகளில் மீன்கள் மொத்தமாகச் செத்து மிதப்பதற்கு இதுவே காரணம்.

சட்டம்: சுருக்கமாக

18 முதல் 64 வயது வரையுள்ள ஒண்டாரியோ வாசிகளுக்கு அவுட்டோர்ஸ் கார்டு என்ற அரசு அட்டையும் மீன்பிடி உரிமமும் வேண்டும். 18க்குக் கீழும், 65உம் அதற்கு மேலும் உள்ள கனடா வாசிகள் உரிமம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் எண்ணிக்கை வரம்பு அவர்களுக்கும் உண்டு. உரிமம் இரண்டு வகை, ஸ்போர்ட், கன்சர்வேஷன். பல மீன்பிடி மண்டலங்களில் பேர்ச்சுக்கு முதலாவதில் 50, இரண்டாவதில் 25 என்று வரம்பு.

மண்டல விதி மட்டும் பார்த்தால் போதாது. ஹாலிபர்ட்டனும் மஸ்கோகாவும் அடங்கும் 15ஆம் மண்டலத்தில் தனித்தனி ஏரிகளுக்கு விதிவிலக்குகள் நிறைய. குளிர்காலம் முழுக்க மூடப்படும் ஏரிகளும் அவற்றில் உண்டு. அந்த ஆண்டின் விதிச்சுருக்கத்தில் விதிவிலக்குப் பட்டியலைத் திறந்து, போகப்போகும் ஏரியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை எடுங்கள். ஐஸ் மேல் பொதுவாக ஒருவருக்கு இரண்டு தூண்டில் அனுமதி. போட்ட தூண்டிலிலிருந்து 60 மீட்டருக்குள், அது கண்ணில் படும்படி இருக்க வேண்டும். 7 சதுர மீட்டருக்குள் அடங்கும் துணிக் கூடாரத்துக்குப் பதிவு தேவையில்லை. அதைவிடப் பெரிதாகப் போட்டால் பதிவெண் வேண்டும்.

உயிருள்ள சிறுமீனை இரையாகக் கொண்டுபோவதற்குத் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. ஒரு இரை மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போகக் கூடாது. சில ஏரிகளில் அறவே தடை. இந்தத் தடைக்குப் பின்னால் கசப்பான வரலாறு உண்டு. இரை வாளியில் மிஞ்சியதை ஏரியில் கொட்டியதால் பேர்ச் புகுந்த புரூக் டிரவுட் ஏரிகள் எத்தனையோ. பேர்ச் புகுந்த இடத்தில் புரூக் டிரவுட் நலிந்துபோகும். பேர்ச் பிடிக்க உயிருள்ள சிறுமீன் அவசியமே இல்லை, ஈப்புழுவே போதும். இரை வாளியை ஒருபோதும் ஏரியில் கவிழ்க்காதீர்கள்.

ஐஸைப் படிப்பது

கறுப்பாகவோ நீலமாகவோ, கண்ணாடி போலத் தெளிவாகத் தெரியும் ஐஸ்தான் வலுவானது. ஒருவர் நடக்க அது குறைந்தது 10 செ.மீ. வேண்டும். 15 செ.மீ. ஆகும்வரை பொறுக்கச் சொல்கிற பாதுகாப்பு அமைப்புகளும் உண்டு. தனியாகப் போகிறவர்களும் குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்களும் இரண்டாவது கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பனி நனைந்து உறைந்த வெள்ளை ஐஸுக்குப் பாதி வலுதான், ஆகவே தடிமன் இரட்டிப்பாக இருக்க வேண்டும். வசந்தம் நெருங்கும்போது சாம்பல் நிறமாகி, மெழுகுவத்திகளை நிறுத்தி அடுக்கியதுபோல் பிளவுபடும் ஐஸ் 40 செ.மீ. இருந்தாலும் நம்பத் தகாது.

கையில் ஒரு கடப்பாரை (ஈழத்தில் அலவாங்கு) இல்லாமல் பருவத்தின் முதல் மாதத்தில் இறங்காதீர்கள். ஒவ்வொரு சில அடிக்கும் முன்னால் ஓங்கிக் குத்துங்கள். ஒரே குத்தில் உள்ளே போனால் நின்ற இடத்திலிருந்து திரும்பி, வந்த தடத்திலேயே காலைத் தேய்த்தபடி பின்வாங்குங்கள். குத்து தாங்கும் இடத்திலும் 20 அல்லது 30 அடிக்கு ஒருமுறை துளையிட்டு அளந்து பார்க்க வேண்டும். சிறு ஏரியில்கூட ஐஸ் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்காது.

ஓடை வந்து சேரும் வாய், ஏரி வெளியேறும் வாய், இரு கரை நெருங்கும் இடுக்கு, பீவர் கட்டிய வீட்டைச் சுற்றிய பகுதி, நாணல் கூட்டம், தண்ணீருக்கு மேல் தலை நீட்டும் பாறையும் மரக்கட்டையும், உறையாமலிருக்க நீர்க்குமிழ் ஓடவிட்ட படகுத்துறை ஆகிய இடங்களில் ஐஸ் மெல்லிதாக இருக்கும். பீவர் தினமும் ஒரே பாதையில் நீந்திப் போய்வருவதால், அதன் வீட்டிலிருந்து உணவுக் குவியல் வரை அடியில் ஐஸ் தேய்ந்திருக்கும்; மேலே பார்த்தால் தெரியாது.

கனத்த பனி பெய்தால் இன்னொரு தொல்லை. பனியின் பாரம் ஐஸை அமுக்க, விரிசல் வழியே தண்ணீர் மேலேறிப் பனிக்கு அடியில் தேங்கும். ஸ்லஷ் என்று இங்கே சொல்லும் இந்தப் பனிச்சேற்றில் உயிராபத்து குறைவு, ஆனால் பூட்ஸுக்குள் தண்ணீர் போனால் அன்றைய நாள் முடிந்தது. ஸ்லெட்டும் அப்படியே உறைந்து ஒட்டிக்கொள்ளும். வெண்பனியில் சாம்பல் நிறத் திட்டுகள் தெரிந்தால் சுற்றிப் போங்கள்.

கழுத்தில் தொங்கும் ஐஸ் ஊசிகள் (கைப்பிடியுடன் கூர் ஆணி, இரண்டு சேர்த்துக் கயிற்றில் கட்டியது), 15 மீட்டர் கயிறு, விசில், மிதவை அங்கி, உலர்ந்த மாற்றுடை ஒரு நீர்புகாப் பையில். இவை எல்லாப் பயணத்துக்கும் பொது. ஊசியைப் பையில் வைத்தால் பயனில்லை. கழுத்திலேயே, சட்டைக்கு வெளியே தொங்க வேண்டும்.

உள்ளே விழுந்துவிட்டால் என்ன நடக்கும்? மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 கணக்கை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். முதல் 1 நிமிடம் மூச்சு தாறுமாறாக வாங்கும், அதை அடக்குவது மட்டுமே வேலை. அடுத்த 10 நிமிடம் கைகால் ஓரளவு சொன்னபடி கேட்கும், வெளியேற வேண்டியது அதற்குள். உடல் குளிர்ந்து நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம் ஆகும். ஆகவே பதறத் தேவையில்லை. அங்கியைக் கழற்றாதீர்கள், அதில் சிக்கிய காற்று மிதக்க உதவும். வந்த பக்கம் திரும்புங்கள், ஏனென்றால் உங்களைத் தாங்கிய ஐஸ் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. முழங்கைகளை ஐஸ் மேல் வைத்து, காலை உதைத்து உடலைப் படுக்கையாக்கி, ஊசிகளைக் குத்தி இழுத்து ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள்.

கருவிகள்

6 அங்குலக் கை ஆகர் பேர்ச்சுக்குப் போதும். 8 அங்குல ஆகர் வாங்கினால் துளைக்கும் பரப்பு ஏறக்குறைய இரு மடங்காகும், பத்துத் துளைக்கு மேல் கை ஓய்ந்துவிடும், தேடலும் அங்கேயே நின்றுவிடும். 5 அங்குலம் கிடைத்தால் இன்னும் லேசு. ஆகரைக் கீழே அமுக்காதீர்கள். நேராக நின்று, மேல்குமிழை ஒரு கையால் பிடித்து, சுற்றும் வேலையைப் பிளேடுக்கு விடுங்கள். அமுக்கினால்தான் வெட்டும் என்றால் பிளேடு மழுங்கிவிட்டது. கரையோர ஐஸில் மணல் கலந்திருக்கும், ஒரே துளையில் பிளேடு போய்விடும். உதிரிப் பிளேடும் திருகுக் கருவியும் பையில் இருக்கட்டும். முதல் துளைக்குப் பிறகு பிளேடில் ஈரம் உறைந்து, அடுத்த துளை வெட்டவே மறுக்கும். உதறித் துடைத்துவிட்டு வைத்தால் இது வராது. ஐஸில் தட்டி உதிர்க்க முயன்றால் பிளேடின் முனை மடங்கும்.

துளையில் மிதக்கும் ஐஸ்தூளை அள்ள, பூரி எடுக்கும் ஜல்லிக் கரண்டி போன்ற ஒன்று விற்கிறார்கள். வீட்டில் உள்ள இரும்புக் கரண்டியே போதும்.

தூண்டில் கம்பு 60 முதல் 70 செ.மீ. நீளம், மிக மெல்லிய முனை. நரம்பு (ஈழத்தில் தங்கூசி) 2 முதல் 4 பவுண்டு தாங்குவது. தடித்த நரம்பு குளிரில் சுருள் சுருளாக விறைத்து நிற்கும். சின்ன ஜிக்கின் (எடைத்தலை வைத்த முள்) எடை அந்தச் சுருளை நேராக்காது. அதனால் கொத்து கம்புவரை வந்து சேராமல் சுருளிலேயே தொலைந்துவிடும். மீன் இருக்கிறது, ஒன்றும் மாட்டவில்லை என்று புலம்புவோரில் பாதிப்பேருக்குக் குறை இங்கேதான். கரையிலேயே நரம்பைச் சில மீட்டர் இழுத்துப் பிடித்து நீட்டிவிடுங்கள். கம்பின் நுனியில் பொருத்தும் மெல்லிய ஸ்பிரிங் கம்பியும் வாங்கிக்கொள்ளுங்கள். பேர்ச் சிலசமயம் இரையைக் கீழே இழுக்காமல் மேலே தூக்கும். அப்போது கையில் ஒன்றும் உணர முடியாது, ஸ்பிரிங் நிமிர்வது மட்டும் கண்ணில் தெரியும்.

சோனார் (ஒலியலையால் ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவி) கட்டாயம் இல்லை. இருந்தால் தேடல் மூன்று மடங்கு வேகமாகும். தெளிந்த ஐஸ் மேல் பனியைத் துடைத்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, சோனாரின் உணரியை அதில் அழுத்தி வைத்தால் துளையிடாமலே ஆழம் காட்டும். நடுவில் வெள்ளை ஐஸோ காற்றுக்குமிழோ இருந்தால் காட்டாது. சோனார் இல்லாதவர்கள் 15 கிராம் ஈயத்தைத் தூண்டில் முள்ளில் கவ்வவைத்து இறக்கி அளக்கலாம். தரையைத் தொடும்போது ‘டக்’ என்று பட்டால் பாறை அல்லது மணல். மெத்தென்று அமிழ்ந்து, தூக்கும்போது லேசாகப் பிடித்து இழுத்தால் சேறு. இந்த வேறுபாட்டைக் கை பழகிக்கொண்டால் அதுவே பாதி சோனார்.

உடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். உள்ளே பருத்தி கூடாது, வியர்வையில் நனைந்தால் காயாது. துளையிடும்போது மேலங்கியைத் திறந்துவிடுங்கள், உட்காரும்போது மூடுங்கள்.

இரை

இரண்டு கம்பில் இரண்டு வேலை. ஒன்று தேடுவதற்கு: 2 முதல் 3.5 கிராம் எடையுள்ள சின்ன ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக இரை), வெள்ளி நிறமோ தங்க நிறமோ. அது மினுங்கித் தூரத்துக் கூட்டத்தைத் துளைக்கு அழைத்து வரும். இரண்டாவது பிடிப்பதற்கு: 4 அல்லது 5 மி.மீ. டங்ஸ்டன் ஜிக்கும் இரண்டு ஈப்புழுவும். டங்ஸ்டன் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தியானது. அதனால் சின்ன உருவத்திலும் விரைவாக இறங்கும். கூட்டம் அரை நிமிடம்தான் நிற்கும் என்ற நிலையில் இறங்கும் வேகமே மீன் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது.

இரண்டு வேலையையும் ஒன்றாக்க ஒரு பழைய உத்தி இருக்கிறது. ஸ்பூனின் மும்முள்ளைக் கழற்றிவிட்டு, அங்கே 4 செ.மீ. நரம்பில் 10 அல்லது 12ஆம் எண் ஒற்றை முள்ளைத் தொங்கவிட்டு, அதில் ஈப்புழு கோக்க வேண்டும். ஸ்பூன் அழைக்கும், புழு மாட்டும். சோம்பலாகக் கொத்தும் நாளில் இதைவிடச் சிறந்தது இல்லை.

ஈப்புழுவைத் தடித்த முனையில், தோலை மட்டும் மெல்லக் குத்திக் கோக்க வேண்டும். நடுவில் குத்தினால் சாறு வடிந்து வெறும் தோல் மிஞ்சும். இரண்டு மீனுக்கு ஒருமுறை புழுவை மாற்றுங்கள். புழு டப்பாவை அங்கியின் உட்பையில் வைக்காவிட்டால் அரை மணியில் கல்லாகிவிடும்.

கூட்டம் எங்கே: மாதவாரியாக

தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாகிறது. ஆகவே ஐஸுக்கு ஒட்டிய நீர் 0 டிகிரி, அடியில் உள்ளது ஏறக்குறைய 4 டிகிரி. குளிர்காலத்தில் பேர்ச் பெரும்பாலும் அடியை ஒட்டியே இருப்பதற்கு இது ஒரு காரணம். உணவும் அங்கேதான்.

டிசம்பர், ஜனவரித் தொடக்கம்: செடிகளின் வெளி ஓரம், 2 முதல் 4 மீட்டர். பச்சையாக நிற்கும் செடியா என்று பாருங்கள். ஆகரில் அல்லது முள்ளில் மாட்டி வரும் துணுக்கு பச்சையாக இருந்தால் அங்கே பிராணவாயுவும் உண்டு, சிறு பூச்சியும் உண்டு. பழுப்பாகக் குழைந்து வந்தால் நகருங்கள். முதல் ஐஸ் தெளிவாக இருப்பதால் ஆழமற்ற நீரில் மேலே நடக்கும் காலடியும் நிழலும் மீனை விரட்டும். துளையைச் சுற்றிப் பனியை மிதித்துத் துடைக்காமல் அப்படியே விடுங்கள். துளையில் கொஞ்சம் ஐஸ்தூளையும் மிச்சம் வைக்கலாம்.

ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முழுக்க: பெரும்பாலானவர்கள் தோற்பது இந்த மாதங்களில்தான். டிசம்பரில் கொத்திய செடியோரத்துக்கே மறுபடி போய், ஏரியில் மீனே இல்லை என்று திரும்புவார்கள். செடி இறந்திருக்கும், கூட்டம் சேற்றுத் தரைக்கு இறங்கியிருக்கும். 6 முதல் 9 மீட்டர் ஆழச் சேற்றில் மிட்ஜ் பூச்சியின் சிவப்புப் புழுக்கள் கோடிக்கணக்கில் புதைந்திருக்கின்றன. பேர்ச் அதை மாடு மேய்வதுபோல் மேயும். பிடித்த மீனின் வாயிலோ வயிற்றிலோ சிவப்பு இழைகளைப் பார்த்தால் சரியான தரையில் நிற்கிறீர்கள். சரிவின் கெட்டித் தரை முடிந்து சேறு தொடங்கும் விளிம்பை முதலில் தேடுங்கள், பிறகு சேற்றுக்குள் போங்கள். பிப்ரவரி இறுதியில் ஆழமான குழியின் அடியில் பிராணவாயு குறையத் தொடங்கும். அப்போது கூட்டம் தரையை விட்டு ஒன்றிரண்டு மீட்டர் மேலே மிதக்கும், அல்லது குழியை விட்டே வெளியேறும். அடியில் மட்டும் இரை போட்டால் அதைத் தவறவிடுவீர்கள்.

மார்ச்: ஐஸ் உருகியதும் முட்டையிட வேண்டியிருப்பதால் சினை நிறைந்த பெண் மீன்கள் குடாக்களுக்கு அருகே திரளும். ஆழம் மீண்டும் 2 முதல் 5 மீட்டர். பசி அதிகம், மீனும் பெரிது. ஆனால் ஓடை வாய்க்கு அருகே போகத் தூண்டும் மாதமும் இதுவே; அங்கேதான் ஐஸ் முதலில் கெடும். வாயிலிருந்து தள்ளி, குடாவின் வெளிப்பக்கம் நில்லுங்கள்.

பேர்ச் கண்ணால் வேட்டையாடும் மீன். விடிந்து ஒரு மணி கழித்துத் தொடங்கி, சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணியில் உச்சம் தொட்டு, இருட்டியதும் சட்டென்று நிற்கும். இருட்டிய பிறகு காத்திருப்பது வாலை மீனுக்காக இருக்கலாம், பேர்ச்சுக்காக வேண்டாம்.

துளையிடும் ஒழுங்கு

1. கரையிலிருந்து ஆழத்தை நோக்கி ஒரே நேர்கோட்டில், 8 முதல் 10 மீட்டர் இடைவெளியில் பத்துத் துளைகளை ஒரேயடியாகப் போட்டுவிடுங்கள். ஒன்று துளைத்து ஒன்று பிடித்துப் பார்ப்பது தவறு. துளையிடும் சத்தம் அடங்க ஆழமற்ற நீரில் நேரம் தேவை. எல்லாம் முடித்து முதல் துளைக்குத் திரும்பும்போது அங்கே அமைதியாகியிருக்கும்.

2. ஒவ்வொன்றிலும் ஆழத்தையும் தரையின் வகையையும் அளந்து, வரைபடத்தில் குறியுங்கள்.

3. ஸ்பூன் கட்டிய கம்போடு முதல் துளையிலிருந்து வரிசையாக வாருங்கள். ஒரு துளைக்கு 5 நிமிடம். சோனாரில் புள்ளியே தெரியாவிட்டால் 2 நிமிடம்.

4. ஒன்றுமில்லாவிட்டால் கோட்டை 90 டிகிரி திருப்பி, அதே ஆழத்தில் கரைக்கு இணையாக இன்னொரு கோடு.

5. ஒரு மீன் வந்ததும் உட்கார வேண்டாம். அந்தத் துளையைச் சுற்றி 4 மீட்டர் தூரத்தில் நான்கு துளைகள் போடுங்கள். கூட்டம் நகரும்போது நீங்களும் கூடவே நகர்வதற்கு அவை வேண்டும். நின்றுபோன துளைக்கு 20 நிமிடம் கழித்துத் திரும்பிப் பாருங்கள், கூட்டம் சுற்றிவந்திருக்கும்.

இருவராகப் போனால் ஒருவர் துளைக்க, ஒருவர் தேட, அரை மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். அந்தி வெயிலுக்கு முன் பழைய துளைகளில் மரக்கிளை செருகிவிட்டுப் போனால், பின்னால் வருகிறவர் காலை விடாமல் இருப்பார்.

ஆட்டும் முறை

ஸ்பூனைத் தரைவரை இறக்கி, தரையை மூன்று நான்கு முறை தட்டுங்கள். சேறு புகைபோல் எழும். புழு தோண்டும் இன்னொரு பேர்ச் அங்கே இருப்பதாகத் தூரத்து மீனுக்குத் தோன்றும். பிறகு 20 அல்லது 30 செ.மீ. தூக்கி நிறுத்துங்கள். 5 முதல் 10 விநாடி அசைக்காமல் வையுங்கள். பெரும்பாலான கொத்து ஆட்டும்போது வராது, நிறுத்தியபின்தான் வரும். பிறகு கம்பின் நுனி மட்டும் நடுங்குமாறு விரலால் அதிர்வு கொடுத்து, மறுபடி நிறுத்துங்கள்.

மீன் வந்து பார்க்கிறது, கொத்தவில்லை (சோனாரில் தெரியும், ஸ்பிரிங்கும் லேசாகத் துடிக்கும்) என்றால் ஆட்டத்தை அதிகரிக்காதீர்கள். மெல்லிய நடுக்கத்தோடு, தலைமுடி வளரும் வேகத்தில் 10 செ.மீ. மேலே தூக்குங்கள். தப்பி ஓடும் இரையைப் பேர்ச் விடாது. கீழே இறக்கினால் பெரும்பாலும் ஆர்வம் இழந்து விலகிவிடும்.

கொத்தை உணர்ந்ததும் மணிக்கட்டை மட்டும் 15 செ.மீ. உயர்த்தினால் போதும். ஓங்கி இழுத்தால் 2 பவுண்டு நரம்பு அறும், அல்லது மெல்லிய வாய் கிழியும். மேலே கொண்டுவரும்போது நரம்பு ஒருகணமும் தொய்யக் கூடாது. முக்கியமாகத் துளையின் அடிவிளிம்பில் மீனின் தலை உள்ளே வரும்வரை நிதானம் வேண்டும். நழுவும் மீன்களில் பெரும்பாலானவை அந்த இடத்தில்தான் நழுவுகின்றன.

மீனைக் கழற்றிய கையோடு இரையை இறக்கிவிடுங்கள். கூட்டம் துளைக்கடியில் போட்டிபோடும்போது ஒரு நிமிடம் தாமதித்தால் அது நகர்ந்துவிடும். இரண்டாவது கம்பை ஈப்புழுவோடு, தரையிலிருந்து 20 செ.மீ. மேலே, 1.5 மீட்டர் தள்ளிய துளையில் அசையாமல் தொங்கவிடலாம். ஸ்பூனைப் பார்க்க வந்து தயங்கும் பெரிய மீன் பலசமயம் அதைத்தான் எடுக்கும்.

பிழைகளும் காரணங்களும்

சிறியது மட்டுமே வருகிறது: பேர்ச் அளவு அளவாகப் பிரிந்து கூட்டம் சேரும். 12 செ.மீ. மீன் ஐந்து வந்தால் ஆறாவதும் அப்படியே இருக்கும். துளையை மாற்றுங்கள், ஒரு மீட்டர் ஆழம் கூட்டிப் பாருங்கள்.

கொத்துகிறது, மாட்டவில்லை: முள் பெரிது, அல்லது புழு நீளமாகத் தொங்குகிறது. 14ஆம் எண் முள், ஒரே புழு.

நன்றாகக் கொத்திக்கொண்டிருந்தது ஒரே கணத்தில் நின்றது: அடியில் ஒரு பைக் மீன் வந்திருக்கும். பத்து நிமிடம் அங்கே மெனக்கெட வேண்டாம்.

ஜிக் பம்பரமாகச் சுழல்கிறது: நரம்பு முறுக்கேறியிருக்கிறது. சுழலும் இரையைப் பேர்ச் தொடாது. ஜிக்குக்கு 40 செ.மீ. மேலே மிகச் சிறிய சுழல்வளையம் கட்டுங்கள். ஜிக்கின் முடிச்சு வளையத்தின் நடுவில் இருந்தால்தான் ஜிக் படுக்கையாகத் தொங்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முடிச்சை விரலால் தள்ளிச் சரிசெய்யுங்கள்.

கம்பின் வளையத்தில் ஐஸ் அடைத்தால் உடைக்காதீர்கள், நுனியும் சேர்ந்து உடையும். துளை நீரில் சில விநாடி முக்கிவைத்தால் இளகும்.

8 அல்லது 9 மீட்டருக்குக் கீழிருந்து வேகமாக எடுத்த மீனைத் திரும்ப விடுவதில் பயன் குறைவு. பேர்ச்சின் காற்றுப்பைக்குத் தொண்டையோடு இணைப்பு இல்லை. அழுத்தம் குறைந்ததும் பை ஊதி, வயிறு வாய்வழி பிதுங்கும், மீண்டும் இறங்க முடியாது. ஆழத்தில் சிறு மீன்களே வந்தால் இடத்தை விட்டுவிடுங்கள். பிடித்து விட்டு, பிடித்து விட்டு அவற்றைக் கொல்ல வேண்டாம்.

பிடித்த பிறகு

மீனை எடுக்கும்போது தலைப்பக்கமிருந்து கையை வழுக்கி, முதுகுத் துடுப்பை மடித்தபடி பிடியுங்கள். முட்கள் ஊசி போன்றவை, செவுள் மூடியின் ஓரமும் வெட்டும். பனி போட்ட வாளியில் வைத்து, எண்ணிக்கையைத் தவறாமல் கணக்கிடுங்கள். ஐஸ் மேல் வீசினால் வளைந்து கல்லாக உறையும், பின்னர் கத்தி போடுவது கடினம்.

ஏரியிலேயே துண்டம் போட்டால் ஒவ்வொரு துண்டிலும் தோலின் ஒரு பட்டையை விட்டுவையுங்கள். வழியில் அதிகாரி நிறுத்தினால் என்ன மீன், எத்தனை என்று அவருக்குத் தெரிய வேண்டும், அது சட்டம். துண்டம் போடுவது எளிது. மார்புத் துடுப்புக்குப் பின்னால் முதுகெலும்புவரை வெட்டி, கத்தியைத் திருப்பி முதுகெலும்பை ஒட்டியே வால்வரை கொண்டுபோங்கள். வாலில் அறுத்துவிடாமல் சதையைப் புரட்டிப்போட்டு, தோலுக்கும் சதைக்கும் நடுவே கத்தியைப் படுக்கவைத்து உருவுங்கள். விலாமுள் வரிசையை ஒரு சாய்வெட்டில் எடுத்தால் முள்ளே இல்லாத துண்டு. கறுப்புப் புள்ளியோ மஞ்சள் நிறச் சிறு புழுவோ சதையில் தெரிந்தால் அது ஒட்டுண்ணி. நன்கு வேகவைத்தால் தீங்கில்லை, பார்க்கப் பிடிக்காவிட்டால் அந்த இடத்தை வெட்டி எறியலாம். பாதரசம் பற்றிய அறிவுரையை ஒண்டாரியோ அரசு ஏரிவாரியாக வெளியிடுகிறது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பவர்கள் அந்த ஏரியின் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேர்ச் சதை மெல்லியது, இனிப்பானது. மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிசறிப் பத்து நிமிடம் மட்டும் ஊறவைத்து, அரிசி மாவில் புரட்டி, சூடான எண்ணெயில் பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். அதற்கு மேல் விட்டால் வறண்டுபோகும். மிச்சத்தை உறைய வைப்பதானால் பையில் துண்டுகள் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி உறைய வையுங்கள். காற்றுப் படாததால் மூன்று நான்கு மாதம் கழித்தும் ஓரம் காயாமல் இருக்கும்.